பிடித்தம்: ரூபாய் 90

வேலை என்னும் சொல்லுக்குக் கடல் என்றும் ஒரு பொருள் உண்டு. இதை முதலாண்டுத் தமிழ் வகுப்பில் கேட்டபோது எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கடலை நம்பிக் கரையில் குடியிருப்போரைப் போலத்தான் நம் குடும்பங்கள் ஒருவருடைய வேலையை நம்பிக் குடியிருக்கின்றன. இக்கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் நிலபுலன் உடையவர்கள் அல்லர். தந்தையோ தாயோ மாதம் ஒருமுறையோ சனிக்கிழமைதோறுமோ கையில் கொண்டுவரும் கூலியில் வளர்ந்தவர்கள். அந்தக் கூலி ஒருநாள் நின்றுபோனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம்.

வேலை தேடுவது எப்படி, போட்டித் தேர்வுக்குப் படிப்பது எப்படி என்றெல்லாம் ஆண்டு மலர்களில் கட்டுரைகள் வருவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆனால், கிடைத்த வேலை பறிபோனால் செய்ய வேண்டியது என்ன என்று எழுதுவோர் குறைவு. அக்குறையை என்னால் இயன்ற அளவு போக்கலாம் என எண்ணி இதை எழுதத் துணிந்தேன். பொருளியல் நூல்களில் படித்தது சிறிது. எங்கள் வீட்டில் கண்டது பெரிது.

என் தந்தையார் கோவைப் பகுதியில் ஒரு பவுண்டரியில் மோல்டராக இருந்தார். பம்புசெட்டின் இரும்பு உறைகளுக்கு மண்ணில் அச்சுப் பிடிப்பது அவர் தொழில். ஒரே ஆலையில் 11 ஆண்டுகள். மாலையில் வீடு திரும்பும்போது காது மடலிலும் நகக்கண்ணிலும் கறுப்பு மண் ஒட்டியிருக்கும். அம்மா, பனியன் துணிக்குப் பிசிறு வெட்டும் கொட்டகைக்குப் போய்வந்தார். பீசுக்கு இவ்வளவு என்று கணக்கு. சனிக்கிழமை மாலை கூலி. இருவர் வருமானத்தில் வாடகை வீடு, மளிகைக் கடன், என் படிப்பு எல்லாம் ஒருவாறு ஓடின.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆலையும் மூடியது, கொட்டகையும் மூடியது. ஏப்ரலில் அரிசி குடும்ப அட்டைக்குத் தமிழக அரசு 1,000 ரூபாய் வழங்கியது. ரேஷனில் அரிசி விலையின்றிக் கிடைத்தது. பசி வராமல் காத்தது அதுவே. ஜூன் மாதத்தில் பவுண்டரி மறுபடியும் திறந்தது. பாதிப் பேரை மட்டும் அழைத்தார்கள். அப்பாவும் இன்னும் நால்வரும் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

ஜூலை முதல் நாள் அழைப்பு வந்தது. போனவரிடம், ஆர்டர் இல்லை என்று சொல்லி, தட்டச்சு செய்த தாள் ஒன்றை நீட்டினார்கள். சொந்தக் காரணங்களால் தானாகவே வேலையை விட்டு விலகிக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்திட்டால் பாக்கிச் சம்பளம் அன்றைக்கே கிடைக்கும் என்றார்கள். அப்பா தாளைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நானாப் போகலீங்களே. போகச் சொல்றது நீங்க. அப்பறம் நானாப் போறேன்னு எப்படீங்க எழுதறது?”

இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. “ஏனுங்க, ஒரு கையெழுத்துத்தான? போட்டிருந்தா இந்த மாச வாடகைக்காச்சும் ஆயிருக்குமுங்க” என்றார். அப்பா பதில் பேசவில்லை. அவர் சட்டம் படித்தவர் அல்லர். எட்டாம் வகுப்போடு நின்றவர். தாளில் இருந்தது பொய், ஆகவே கையெழுத்திடவில்லை, அவ்வளவே. அந்தக் கையெழுத்தின் விலை என்ன என்பது எங்களுக்கு இரண்டு மாதம் கழித்தே தெரிந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மில் தாத்தா. ஆகஸ்டு மாதக் கடைசியில் நாளிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். “ஈ.எஸ்.ஐ. இருந்து வேலை போனவங்களுக்குப் பாதிச் சம்பளம் மூணு மாசத்துக்குத் தர்றாங்களாமா. உனக்குப் புடிச்சாங்கல்ல? எழுதிப் போடப்பா” என்றார்.

அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. “ஊரே மொடங்கிக் கெடக்குது. இதுல போயி அரசாங்கத்துகிட்டக் கை நீட்டறதுங்களா? எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்குது” என்றார். உழைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கூச்சம் இயல்பு. ஊனமுற்றோர், முதியோர், ஆதரவற்றோர் ஆகியோர்க்கே உதவித்தொகை உரியது. உடல் நலத்தோடு இருப்பவன் அதைக் கேட்பது இழிவு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அப்பா மட்டுமல்ல, அவரோடு நின்ற நால்வரில் இருவரும் இதே காரணத்தைத்தான் சொன்னார்கள்.

நான் அப்போது மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி. பள்ளி திறக்கவில்லை, கையில் நேரம் இருந்தது. மஞ்சள் பையில் கிடந்த சம்பளச் சீட்டுகளை எடுத்து நாள் வரிசைப்படி அடுக்கினேன். ஒவ்வொரு சீட்டிலும் பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு வரி. 2019 ஜூன் வரை மாதம் 210 ரூபாய். ஜூலை முதல் 90 ரூபாய்.

அப்பாவின் சம்பளம் அந்த ஈராண்டுகளில் சராசரியாக மாதம் 12,000 ரூபாய். தொழிலாளியின் பங்கு முன்பு நூற்றுக்கு 1.75 ஆகவும் முதலாளியின் பங்கு 4.75 ஆகவும் இருந்தன. 2019 ஜூலை முதல் அவை 0.75 என்றும் 3.25 என்றும் குறைந்தன. பிடித்தம் 210-லிருந்து 90 ஆனதற்குக் காரணம் இதுவே. 2018 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரையான 24 மாதங்களைக் கூட்டினேன். அப்பாவிடம் பிடித்தது 3,960 ரூபாய். அவர் பெயரால் ஆலை கட்ட வேண்டியது 12,060 ரூபாய். ஆக 16,020 ரூபாய் அவருடைய காப்பீட்டு எண்ணுக்கு நேராக ஏறியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினேன். அப்பா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இது ஆசுபத்திரிக்குப் புடிக்கறதுன்னுல்ல நெனச்சேன் அம்முணி” என்றார். அவர் நினைத்ததும் தவறன்று. அந்தப் பணத்தின் பெரும் பகுதி மருத்துவத்துக்கே போகிறது. ஆனால் அது ஒரு காப்பீடு. நோய் வராத ஆண்டில் கட்டிய பணத்தைக் கொண்டு நோய் வந்தவருக்கு உதவுவது போல, வேலை உள்ள மாதத்தில் கட்டிய பணத்தைக் கொண்டு வேலை போனவருக்கு உதவுவதும் காப்பீட்டின் ஒரு பகுதியே. கட்டியவன் கேட்பது பிச்சையாகாது. மறுநாள் காலை அப்பா தாமாகவே, “என்னென்ன காயிதம் வேணும்னு கேட்டுட்டு வா” என்றார்.

இங்கே அந்த விதிகளைச் சற்று விளக்குவது நலம். வேலையிழந்த காப்பீட்டாளர்க்கு உதவும் அந்தத் திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. அது 2018 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் கால் பங்கு, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை என்று இருந்தது. கொரோனாக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் வேலை இழக்கவே, 2020 மார்ச் 24 முதல் அவ்வாண்டு இறுதி வரை அது அரைப் பங்காக உயர்த்தப்பட்டது. வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி 30 நாளாகக் குறைந்தது. முதலாளி வழியாகத்தான் மனு வரவேண்டும் என்பதும் தளர்ந்து, தொழிலாளியே நேரில் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. இரண்டாண்டுக் காப்பீடும், வேலை போவதற்கு முந்தைய அரையாண்டுப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சம்பளமும், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஏதேனும் ஒன்றில் 78 நாள் சம்பளமும் இருந்தால் போதும்.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு வயது எய்தியவருக்கும், தாமாக விலகியவருக்கும் இந்த உதவி கிடையாது. பிரவுசிங் சென்டரில் திரையில் இந்த வரியைப் படித்தபோது என் உள்ளம் திடுக்கிட்டது. ஜூலை முதல் நாள் அப்பா அந்தத் தாளில் கையெழுத்திட்டிருந்தால் இந்தக் கதவு அன்றைக்கே அடைபட்டிருக்கும். அது மட்டுமன்று. அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்குப் பணி புரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் ஈட்டுத்தொகையாகத் தர வேண்டியிருந்தது. தானாக விலகியவர் அதையும் கேட்க முடியாது. ஒரு வரிப் பொய் எத்தனை உரிமைகளை விழுங்கவல்லது என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் முதல் நாள் மாவட்டத்துக்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அந்த வாரமே புறப்பட்டோம். இணையத்தில் விண்ணப்பம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. காப்பீட்டு எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், வேலை போன தேதி எல்லாவற்றையும் நான் படித்துச் சொல்ல, சென்டர்க்காரர் தட்டினார். பிறகு 20 ரூபாய் முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரி வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தோம். கையெழுத்திடும் முன் அப்பா, “இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தமிழ்ல சொல்லு கண்ணு” என்றார். இன்ன நாள் முதல் தமக்கு வேலை இல்லை என்றும், எழுதியவை யாவும் உண்மை என்றும் இருக்கிறது என்று சொன்னேன். “அது சரி” என்று சொல்லி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டார்.

கிளை அலுவலகத்தில் வாசலுக்கு வெளியே சுண்ணாம்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் முகக்கவசம் அணிந்த ஒருவர். எங்களுக்கு முன்னால் ஓட்டல் ஊழியர் ஒருவரும், துணிக்கடைப் பெண்கள் இருவரும் நின்றார்கள். மூன்று வெவ்வேறு தொழில், ஒரே வகை மஞ்சள் பை. எங்கள் முறை வந்தது. ஆலைப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்தது. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் நின்றது. அங்கிருந்த எழுத்தர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஐயா, பழைய அட்டை, குடும்ப அட்டை, பாஸ்புக் மூன்றும் ஜெராக்ஸ் எடுத்து நாளைக்குக் கொண்டாங்க. நின்ற தேதியைத் தெளிவாப் போடுங்க. அதிலதான் எல்லாம் இருக்கு” என்றார். மறுநாள் மறுபடி போனோம். வாங்கிக்கொண்டு முத்திரை இட்டுத் தந்தார். அந்த ஒப்புதல் சீட்டை அப்பா ரேஷன் அட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

தொகை எவ்வளவு வரும் என்று நான் முன்பே கணக்கிட்டிருந்தேன். நான்கு பங்களிப்புக் காலத்தின் மொத்த ஊதியத்தை 730 நாளால் வகுக்க வேண்டும். 2,88,000 ரூபாயை 730-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 394 ரூபாய் 52 காசு. அதில் பாதி 197 ரூபாய் 26 காசு. 90 நாளுக்கு 17,753 ரூபாய். தீபாவளிக்குப் பத்து நாளுக்கு முன் பணம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. வீட்டு வாடகைப் பாக்கிக்கு 9,000. மளிகைக் கடை நோட்டுக்கு 5,400. மீதி 3,353 ரூபாய். பட்டாசு வாங்கவில்லை. கடைக்காரர் நோட்டில் எங்கள் பக்கத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டபோது அப்பா முகம் தெளிந்ததைக் கண்டேன். கூச்சப்பட்டிருந்த அந்த இருவரையும் அவரே அழைத்துக்கொண்டு போய் விண்ணப்பிக்கச் செய்தார். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகைக்காக ஐவரும் சேர்ந்து தொழிலாளர் துறையில் மனுச் செய்தனர். அது தவணை தவணையாக வந்து முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதி உண்மையாகிவிடும்.

பணம் வந்த அன்று இரவு, சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: “எனக்கும் அதே நாள்லதான அம்முணி வேலை போச்சு. எனக்கு எங்க எழுதிப் போடறது?”

எழுதிப் போட இடம் இல்லை. அம்மா வேலை செய்த கொட்டகையில் எட்டுப் பேர். ஈ.எஸ்.ஐ. சட்டமோ பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளுக்குரியது. அம்மாவின் கூலியில் பிடித்தம் இல்லை, சீட்டு இல்லை, காப்பீட்டு எண் இல்லை. ஒன்பது ஆண்டுகள் அதே பெஞ்சியில் அமர்ந்து கத்தரி பிடித்தார் என்பதற்கு வலக்கைப் பெருவிரலில் உள்ள காய்ப்பைத் தவிர வேறு சான்று இல்லை. ஒரே ஊரடங்கு, ஒரே வீடு. ஒருவருக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு உழைப்பில் இல்லை. ஓர் ஏட்டில் பெயர் ஏறியதிலும் ஏறாததிலும் இருக்கிறது.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதைப் பின்னர் இக்கல்லூரி நூலகத்தில் படித்தேன். வேலையின்மைக்கு நாடு தழுவிய கட்டாயக் காப்பீட்டை முதலில் கண்டது பிரிட்டன். 1911-ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டம் அது. எல்லாத் தொழிலுக்கும் அன்று. கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலான சில தொழில்களுக்கு மட்டும். அவற்றுள் ஒன்று இரும்பு வார்ப்படம் என்று படித்தபோது எனக்கு உவகை உண்டாயிற்று. தொழிலாளி வாரம் இரண்டரைப் பென்னி கட்டினார்; முதலாளியும் அவ்வளவே கட்டினார்; அரசும் சேர்த்தது. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரம் வரை. நூறு ஆண்டுக்கு முன் அந்நாட்டு மோல்டருக்குக் கிடைத்த அதே வகை ஏற்பாடுதான் என் தந்தைக்கு 2020-இல் கிடைத்தது.

நம் நாட்டில் பேராசிரியர் பி.பி. அதார்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு அதைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தில் 1955-இல் கோவையில் அது காலூன்றியது. நோய், மகப்பேறு, பணியிடக் காயம் ஆகிய மூன்றுக்கும் அதில் இடம் இருந்தது. வேலை இழப்புக்கு இடம் இல்லை. ஆலை மூடலாலும் ஆட்குறைப்பாலும் வேலை போனவர்க்கு ஒரு படி வழங்கும் திட்டம் 2005 ஏப்ரலில்தான் சேர்ந்தது. சட்டம் பிறந்து 57 ஆண்டுகள் கழித்து!

வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக நம் மாநில அரசு தரும் உதவித்தொகை இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது வேறு, இது வேறு. என் பெரியம்மா மகள் 2015-இல் பட்டம் பெற்றுப் பதிவு செய்தாள். ஐந்தாண்டு காத்திருந்தும் வேலை வராமையால் 2021-இல் விண்ணப்பித்தாள். பட்டதாரி என்பதால் மாதம் 600 ரூபாய். மேல்நிலைப் படிப்புக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, தவறியவருக்கு 200. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. மூன்றாண்டு வரை கிடைக்கும். விதவைத் தாயின் கூலியில் இருந்தவளுக்கு அது தேர்வு விண்ணப்பக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் உதவிற்று. ஆயினும் அது வேலை கிடைக்காதவர்க்கு உரியது. வேலை இருந்து இழந்தவரான என் தாய்க்கு அங்கும் இடம் இல்லை.

அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வகை செய்ய வேண்டும் என்கிறது. நால்வகைத் துன்பத்தில் முதலில் நிற்பது வேலையின்மை. ஆனால் அது வழிகாட்டு நெறியாக இருப்பதால் நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற முடியாது. முதுமைக்கு ஓய்வூதியம் வந்தது. நோய்க்கு மருத்துவக் காப்பீடு வந்தது. வேலை இழப்புக்கு மட்டும், பிடித்தம் உள்ளவர்களுக்கே, சில காலத்துக்கு உதவி.

2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென இ-ஷ்ரம் பதிவு தொடங்கியது. அம்மாவை அழைத்துப் போய் நானே பதிவு செய்தேன். 12 இலக்க எண் கிடைத்தது. தம் பெயர் அச்சிட்ட அட்டையை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் ஏட்டில் ஏறியது ஒரு தொடக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் முதலாளியின் பங்கும் இல்லை, தொழிலாளியின் பங்கும் இல்லை. ஆகவே வேலை போனால் கேட்கும் உரிமையும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கியது. அமைப்புசாராத் தொழிலாளர்க்கும் திட்டங்கள் வகுக்கலாம் என்று அத்தொகுப்பு கூறுகிறது. பிசிறு வெட்டும் கொட்டகைக்கும், கட்டட வேலைக்கும், வீட்டு வேலைக்கும் பொருந்தும்படி வேலை இழப்புக் காப்பீடு ஒன்றை அமைப்பது எப்படி என்பது பொருளியல் பயிலும் நாம் சிந்திக்க வேண்டிய வினா. சனிக்கிழமைக் கூலியில் பத்து ரூபாய் பிடித்தால் அம்மா கொடுப்பார். என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார். அதனோடு சேர்க்க வேண்டிய முதலாளியின் பங்கை யாரிடம் பெறுவது? கொட்டகைக்காரரிடமா, அவருக்குத் துணி அனுப்பும் நிறுவனத்திடமா, அங்கிருந்து வாங்கும் வெளிநாட்டுக் கடையிடமா? இதற்கு விடை கண்டால் அது நூறு பட்டிமன்றங்களுக்கு மேலான பணியாகும்.

அப்பா 2021 தைப் பொங்கல் கழிந்து வேறொரு சிறிய பவுண்டரியில் சேர்ந்தார். சம்பளம் பழையதைவிட 2,000 ரூபாய் குறைவு. பேசி முடிக்கும் முன் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “ஈ.எஸ்.ஐ. புடிக்கறீங்களா?” முன்பெல்லாம் பிடித்தம் குறைந்தால் மகிழ்ந்தவர் அவர். அம்மா அதே கொட்டகையில் இன்றும் பிசிறு வெட்டுகிறார். அவர் கூலியிலிருந்து எவரும் ஒரு ரூபாயும் பிடிப்பதில்லை.

அன்பு மாணவ நண்பர்களே! நம்மில் பலர் மாலையில் துணிக்கடையிலும், பெட்ரோல் பங்கிலும், உணவு விநியோகத்திலும் வேலை செய்துகொண்டே படிக்கிறோம். நாளை இன்னும் பலர் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போவோம். முதல் சம்பளத்தை வாங்கும் அன்று சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். என்ன பிடித்தார்கள், எந்த எண்ணுக்குக் கட்டினார்கள் என்று பாருங்கள். பெயரின் எழுத்து ஆதாரோடு ஒத்திருக்கிறதா என அன்றே சரிபாருங்கள். சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டாவது பாதுகாத்து வையுங்கள். உங்களை அனுப்பும்போது, நீங்களே போவதாக எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் வேலை இழந்தவர் எவரேனும் கூச்சத்தால் ஒதுங்கி நின்றால், அவருடைய சீட்டை எடுத்துப் பிடித்தம் என்ற வரியைக் காட்டுங்கள். விண்ணப்பத்தை நிரப்பித் தர ஒரு மாலைப் பொழுது போதும். நாம் பெற்ற கல்விக்கு அது தகுந்த வேலைதான்.